மருந்து வாங்கப் பணம் இருக்கிறது, கொண்டு சேர்க்க இல்லையா?

தமிழ்நாடு அரசின் நிதித்துறைச் செயலர், மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலர், தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் மேலாண்மை இயக்குநர் ஆகியோருக்கு வணக்கம்.

நான் அரசு மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆரம்ப சுகாதார நிலையம் (பி.எச்.சி.), தாலுகா ஆஸ்பத்திரி என்று மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு உள்பக்கமே என் வேலைக்காலம் போனது. சட்டசபையில் துறைவாரியாகப் பணம் கேட்கும் மானியக் கோரிக்கை நேரத்தில் மருந்துக்கு இத்தனை கோடி ஒதுக்கீடு என்று பேப்பரில் செய்தி வருகிறது, சந்தோஷம்தான். ஆனால் அந்தக் கோடியெல்லாம் மாத்திரையின் விலை. மாத்திரையைச் சோதிக்க, குளிரில் வைக்க, லாரியிலிருந்து இறக்க, எண்ண, கொல்லிமலைக்கும் ஜவ்வாது மலைக்கும் ஏற்ற, அங்கே ஒரு ஆள் உட்கார்ந்து கணக்கு எழுத எவ்வளவு ஆகிறது, அதை யார் கொடுக்கிறார்கள்? இந்தக் கேள்விக்கு அரசிடம் ஒரே இடத்தில் பதில் இல்லை என்பது என் வருத்தம், அதனால்தான் இந்த மடல்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கிக் கொடுக்கும் மருத்துவப் பணிகள் கழகத்தைக் குறை சொல்ல எழுதவில்லை. 1994 ஜூலையில் கழகம் பதிவானது, 1995 ஜனவரியில் விநியோகம் தொடங்கியது. அதற்கு முன்னால் சுகாதாரத் துறையின் ஒவ்வொரு இயக்ககமும் தனித்தனியாக மருந்து வாங்கிய காலத்தை அறிந்தவர்களுக்குத்தான் இந்த மாற்றத்தின் அருமை தெரியும். முதல் மேலாண்மை இயக்குநராக இருந்த பூரணலிங்கம் ஐ.ஏ.எஸ். காலத்தில் போட்ட அடித்தளம் இன்னும் தாங்குகிறது. மாநிலம் முழுமைக்கும் ஒரே டெண்டர், பிராண்டு பெயர் இல்லாமல் மருந்தின் பெயரில் கொள்முதல், அட்டையிலேயே அரசு முத்திரை, மாவட்டக் கிடங்கு, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக். உங்கள் ஆஸ்பத்திரிக்கு இவ்வளவு ரூபாய் என்று எழுதி வைத்துவிடுவார்கள், அந்தத் தொகைக்குள் எந்த மருந்து எவ்வளவு வேண்டும் என்று நாம் இண்டெண்ட் (தேவைப் பட்டியல்) போட்டு எடுத்துக்கொள்ளலாம். சென்னையில் உட்கார்ந்து யாரோ முடிவு செய்து தலையில் கட்டும் பழைய வழக்கத்துக்கு அது முடிவு கட்டியது. கேரளம் 2007 இறுதியில் இதே போல ஒரு கழகம் ஆரம்பித்தது, ராஜஸ்தான் 2011-இல் ஆரம்பித்தது. எல்லோரும் இங்கே வந்து பார்த்துவிட்டுப் போனவர்கள்தான்.

ஆனால் வந்து பார்த்தவர்களும் சரி, நம் ஆட்களும் சரி, பெருமையாகச் சொல்வது கொள்முதல் விலையைத்தான். மொத்தமாக வாங்கினால் இவ்வளவு மலிவு, கடை விலையில் பத்தில் ஒரு பங்கு என்கிற மாதிரிப் பேச்சு. ஆரம்பத்தில் எடுத்த வேறு ஒரு முடிவை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. டெண்டர் விட்ட கையோடு மாவட்டங்களில் கிடங்குகளையும், 1990-களின் நடுவிலேயே அவற்றில் கணினியையும் வைத்தார்கள். அப்போது அது வீண் செலவு மாதிரித் தெரிந்திருக்கும். அந்தச் செலவு இல்லையென்றால் மலிவாக வாங்கிய மருந்து சென்னையிலேயே மலை போலக் குவிந்து, செங்கோட்டையில் ஒரு அட்டை கூட இருந்திருக்காது.

சரி, இப்போதைய நிலைக்கு வருவோம். கம்பெனி மருந்தைக் கொண்டுவந்து மாவட்டக் கிடங்கில் இறக்கும். அதுவரை ஆகும் லாரி வாடகை டெண்டர் விலைக்குள் அடங்கிவிடுகிறது. கிடங்கிலிருந்து ஆஸ்பத்திரிக்கு? ஆஸ்பத்திரிதான் வண்டி அனுப்பி எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே அடிப்படை ஏற்பாடு. இந்த இடத்தில்தான் கணக்கு மறைந்து போகிறது. வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஜீப் டீசலில் கொஞ்சம், ஓட்டுநர் சம்பளத்தில் கொஞ்சம், அன்றைக்கு ஜன்னலை மூடிவிட்டுக் கிடங்குக்குப் போகும் மருந்தாளுநரின் ஒரு நாளில் கொஞ்சம், பெட்டி தூக்கும் ஆளுக்குக் கையிலிருந்து கொடுக்கும் டீக்காசில் கொஞ்சம். இவையெல்லாம் செலவுதான், ஆனால் மருந்து வழங்கல் என்கிற தலைப்பின் கீழ் ஒரு ரூபாய் கூட வராது. ஜீப் வேறு வேலையாகப் போயிருந்தால், தடுப்பூசி முகாமோ அமைச்சர் வருகையோ இருந்தால், மருந்து எடுக்கும் நாள் தள்ளிப்போகும். கிடங்கில் இருப்பு இருக்கும், கணினியில் பச்சை விளக்கு எரியும், ஜன்னலில் மாத்திரை இருக்காது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள், இது உதாரணத்துக்கு நானே போடும் மனக்கணக்குத்தான். கிடங்கு நாற்பது கிலோமீட்டரில் இருக்கிறது என்று வைப்போம். போய்வர எண்பது. ஜீப் லிட்டருக்குப் பத்து கொடுத்தால் எட்டு லிட்டர், எப்படியும் எழுநூறு ரூபாய்க்கு மேல் டீசல் மட்டும். மலையென்றால் பத்து எங்கே கொடுக்கும். அதோடு இரண்டு பேரின் ஒரு நாள் சம்பளம். மாதம் ஒரு தடவை போனால் பரவாயில்லை, ஆனால் கேட்டதில் பாதிதான் கிடைத்தது, மீதிக்கு மறுபடி வாருங்கள் என்றால் அதே செலவு மறுபடியும். ஒரு சின்ன பி.எச்.சி. எடுத்துவரும் பிரஷருக்கான அம்லோடிபின், சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் அட்டைகளின் டெண்டர் விலையோடு இந்தப் பயணச் செலவை ஒப்பிட்டால் உங்கள் அலுவலகத்தில் யாராவது நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவார்கள். மலிவான மருந்து என்பதாலேயே, அதைக் கொண்டுபோகும் செலவு விகிதத்தில் பெரிதாகத் தெரியும். அது தவறில்லை. அதைப் பார்த்துப் பயந்து பயணத்தைக் குறைப்பதுதான் தவறு.

ஏனென்றால் அந்தச் செலவு எங்கேயும் போய்விடுவதில்லை, நோயாளி தலையில் போய் உட்காருகிறது. சர்க்கரை மாத்திரைக்கு வந்த அம்மாவிடம் "அடுத்த வாரம் வாங்கம்மா" என்று சொல்லும்போது அரசுக்குச் செலவு பூஜ்யம். அந்த அம்மாவுக்கு ஒரு நாள் வேலை போச்சு. நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26-க்கு அறிவித்த கூலியே 336 ரூபாய். ஒரு மாத மெட்ஃபார்மினின் டெண்டர் விலையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவர் அடுத்த வாரம் வராமலும் இருந்துவிடலாம், அல்லது வெளிக்கடையில் வாங்கலாம். 2021-22-க்கான தேசிய சுகாதாரக் கணக்கில் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதம் மக்கள் கைக்காசு, அதில் பெரும்பங்கு மருந்துக்குத்தான். மாத்திரையை விட்டவர் சில வருஷம் கழித்துப் பக்கவாதத்தோடு மருத்துவக் கல்லூரிக்கு வருவார், அல்லது டயாலிசிசுக்கு வருவார். அப்போது ஆகும் செலவு காப்பீட்டுத் திட்டத்தின் கணக்கு, வேறு தலைப்பு, வேறு அலுவலகம். அதனால் யாரும் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே இல்லை.

அவசரத்துக்கு லோக்கல் பர்ச்சேஸ், அதாவது ஆஸ்பத்திரியே வெளியில் வாங்கிக்கொள்ளும் வழி, இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. கொட்டேஷன் வாங்கி, கையெழுத்து வாங்கி, டெண்டர் விலையைப் போலப் பல மடங்கு கொடுத்து வாங்கலாம். ஒரு தடவை ஜீப் அனுப்பத் தயங்கி மிச்சம் பிடித்த டீசலை அந்த ஒரே பில்லில் விட்டுவிடுவோம்.

மருந்தாளுநர் பணியிடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், இதில் எனக்குச் சார்பு இருக்கிறது என்று நினைத்தாலும் பரவாயில்லை. நிதித்துறையின் கண்ணுக்கு மருந்தாளுநர் என்பவர் மாத்திரை எடுத்துக் கொடுப்பவர், அந்த வேலையை நர்ஸ் செய்யலாம் என்று தோன்றும். காலியிடம் வந்தால் நிரப்பாமல் பக்கத்துப் பி.எச்.சி. ஆளையே வாரத்தில் சில நாள் கூடுதலாகப் பார்க்கச் சொல்லலாம் என்றும் தோன்றும். ஆனால் அந்த ஆளின் முக்கியமான வேலை ஜன்னலுக்குப் பின்னால் நடக்கிறது. மழைக்காலம் வந்தால் ஓ.ஆர்.எஸ்., பாராசிட்டமால் எவ்வளவு போகும், புதிதாகச் சேர்ந்த பிரஷர் நோயாளிகள் எத்தனை பேர், எந்த பேட்ச் எப்போது எக்ஸ்பைரி, எதை முன்னால் வைக்க வேண்டும், தேங்கிக் கிடப்பதை எந்த ஆஸ்பத்திரிக்கு மாற்றலாம் என்பதெல்லாம் அவர் தலைக்குள்தான் இருக்கிறது. அவர் இல்லாத இடத்தில் போன மாத இண்டெண்டையே திரும்பவும் அனுப்புவார்கள். ஒரு பக்கம் மாத்திரை தீர்ந்துபோகும், இன்னொரு பக்கம் வேறு ஒன்று காலாவதியாகி, அதை அழிக்க முறைப்படி ஏஜென்சிக்குக் கொடுத்து அதற்கும் காசு கட்ட வேண்டி வரும்.

இதைச் சொந்த அனுபவத்தில் சொன்னால் "பழைய ஸ்டாஃப் இப்படித்தான் பேசுவார்" என்று தள்ளிவிடலாம், அதனால் ஆப்பிரிக்காவில் இருக்கும் ஜாம்பியாவைக் காட்டுகிறேன். 2009-10-இல் அந்த நாட்டில் 24 மாவட்டங்களை எடுத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். சில மாவட்டங்களில் பழைய முறையை அப்படியே விட்டார்கள். சிலவற்றில் மருந்துத் தேவையைக் கணக்கிட்டு ஆர்டர் போட மட்டும் மாவட்டத்துக்கு ஒரு ஆளைப் போட்டார்கள். மூன்றாவது வகை மாவட்டங்களில் அந்த ஆளோடு, மாவட்ட அளவில் மருந்தைத் தேக்கி வைப்பதையும் எடுத்துவிட்டு, தலைநகரிலேயே ஒவ்வொரு சுகாதார நிலையத்துக்கும் தனித்தனிப் பெட்டி கட்டி அனுப்பினார்கள், மாவட்டம் வண்டி மாற்றும் இடம் மட்டும். மூன்றாவதில்தான் மருந்துத் தட்டுப்பாடு நன்றாகக் குறைந்தது, முக்கியமாகக் குழந்தைகளுக்கான மலேரியா மருந்து. ஆளுக்கும் பெட்டி கட்டுவதற்கும் செலவு ஆகத்தான் செய்தது. அந்தச் செலவையும் அதனால் கிடைத்ததையும் ஒன்றாக வைத்து அளந்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நம் ஊருக்கு மாவட்டக் கிடங்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நம் கிடங்கு நன்றாகவே வேலை செய்கிறது. பெட்டியை ஆஸ்பத்திரியின் பெயர் போட்டுக் கட்டி வாசலில் கொண்டுவந்து இறக்கும் வேலையைக் கிடங்கே செய்தால் என்ன ஆகும் என்று இரண்டு மாவட்டங்களில் செய்து பார்க்கலாமே என்கிறேன். ஒன்று சமவெளி, ஒன்று மலை.

அதே ஜாம்பியாவில் 2025 மே மாதம் என்ன நடந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நன்கொடையாகக் கொடுத்த மருந்துகள் திருடப்பட்டுக் கடைகளில் விற்கப்படுகின்றன என்று சொல்லி அமெரிக்கா ஐந்து கோடி டாலர் மருந்து உதவியை நிறுத்துவதாக அறிவித்தது. ஒரு தடவை சீர்படுத்தியதோடு வேலை முடிந்துவிடாது, காவலுக்கும் தணிக்கைக்கும் ஆண்டுதோறும் காசு வேண்டும் என்பது அதில் தெரிகிறது.

சோதனைச் செலவுக்கு வருகிறேன். கழகம் ஒவ்வொரு பேட்சிலிருந்தும் மாதிரி எடுத்து, கம்பெனி பெயரை மறைத்துக் குறியீடு போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புகிறது. ரிசல்ட் வந்த பிறகே கிடங்கிலிருந்து வெளியே போகும். அருமையான முறை. ஆனால் அதற்கு நேரம் ஆகும், ஊசி மருந்து, சலைன் மாதிரியானவற்றுக்கு ஸ்டெரிலிட்டி சோதனை (கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது) மட்டுமே 14 நாள். அத்தனை நாளும் சரக்கு கிடங்கில் சும்மா இருக்க வேண்டும், அதற்கு இடம் வேண்டும், அந்த இடைவெளியைத் தாங்கக் கூடுதல் இருப்பு வேண்டும், கூடுதல் இருப்பு என்றால் முடங்கும் பணம். தட்டுப்பாடு நேரத்தில் இந்தச் சோதனையைச் சுருக்கலாமா என்று யாருக்காவது தோன்றினால், 2025 அக்டோபரை நினைத்துக்கொள்ளுங்கள். நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் சிரப்பைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். நம் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்ததில் அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைகால் என்ற விஷ ரசாயனம் இருந்தது. அது வெளிச்சந்தையில் விற்ற மருந்து, அரசு வாங்கியது இல்லை. ஆனாலும் ஆய்வகக் கட்டணம் என்கிற வரியைக் கத்திரிக்கோலோடு பார்க்கும் எவருக்கும் அது போதும்.

அப்புறம் கம்பெனிகளுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி. டெண்டரில் அடிமட்ட விலைக்கு ஒத்துக்கொண்டவனுக்கு மாதக்கணக்கில் பணம் வராவிட்டால் அடுத்த டெண்டரில் அந்த வட்டியைச் சேர்த்துத்தான் விலை போடுவான், அல்லது வரவே மாட்டான். பக்கத்து மாநிலத்தில் 2025 ஜனவரியில் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரிக்குப் பாக்கி நின்றுபோனதால் விநியோகஸ்தர்கள் மருந்து கொடுப்பதையே நிறுத்தினார்கள். நேரத்துக்குப் பணம் கொடுப்பதும் மருந்து வழங்கலின் ஒரு பகுதிதான், கஜானாவுக்கு மட்டும் உரிய விஷயம் என்று அதைப் பிரித்து வைக்க முடியாது.

மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு இந்தப் பிரச்சினை இன்னும் பெரிதாகிவிட்டது. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம், 2024-இல் ஐ.நா. விருது வரை போனது. பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறோம், அதைச் செய்வது பெரும்பாலும் ஊக்கத்தொகைக்கு வேலை பார்க்கும் பெண் தன்னார்வலர்கள். அவர்கள் நடந்தும் பஸ்ஸிலும் போகிற தூரம்தான் இந்தத் திட்டத்தின் கடைசிக் கண்ணி. அதோடு இன்னொன்று: மாத்திரை ஒழுங்காகக் கிடைக்கிறது என்று தெரிந்தால் கூட்டம் கூடும். ராஜஸ்தானில் 2011 அக்டோபர் 2 முதல் இலவச மருந்து கொடுக்க ஆரம்பித்ததும் புறநோயாளி எண்ணிக்கை எப்படி ஏறியது என்பது துறைக்குத் தெரியும். ஆக, வழங்கல் சீரானால் செலவு குறையும் என்று எதிர்பார்த்து நிதி ஒதுக்கினால் ஏமாந்துவிடுவோம். முதலில் ஏறும். முன்பு தனியாரிடம் போனவர்களும், மாத்திரையே சாப்பிடாமல் இருந்தவர்களும் உள்ளே வருவார்கள், அதற்காகத்தானே இத்தனையும்.

பணத்துக்கு எங்கே போவது என்று நிதித்துறை கேட்கும், கேட்க வேண்டியதுதான். எனக்குத் தெரிந்த ஒரு வழி சொல்கிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் மருந்துகளின் மேல் ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாக இறங்கியது, உயிர் காக்கும் மருந்துகள் சிலவற்றுக்கு அடியோடு இல்லை. வரிக்கு முந்தைய விலை 100 என்றால் 112 கொடுத்த இடத்தில் இப்போது 105. வரியில் மாநிலப் பங்கும் குறைகிறது, அதனால் முழு ஏழும் மிச்சமில்லை என்பீர்கள், சரி. மூலப்பொருள் வாங்கும்போது கட்டிய உள்ளீட்டு வரி திரும்பக் கிடைக்கவில்லை என்று கம்பெனிகள் அடுத்த டெண்டரில் கொஞ்சம் ஏற்றியும் கேட்கலாம். அப்படியெல்லாம் கழித்தாலும் கொஞ்சம் மிஞ்சும். அதைப் பொதுக் கணக்கில் கரைய விடாமல், கிடங்கிலிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரையான வண்டிக்கும், காலியாக இருக்கும் மருந்தாளுநர் இடங்களுக்கும், தூரத்து பி.எச்.சி.களில் இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கும் ஃப்ரிட்ஜுக்கும் அதற்கான பவர் பேக்கப்புக்கும் ஒதுக்குங்கள். மலைப் பகுதிக்கு ஒதுக்கீட்டைக் கொஞ்சம் கூடுதலாகவே வையுங்கள். தலைக்கு இத்தனை ரூபாய் என்று மலையில் இருக்கும் கூடலூருக்கும் கோயம்புத்தூருக்கும் ஒரே அளவுகோல் போட்டால் கூடலூர்தான் தோற்கும்.

முதல்வர் மருந்தகம் வந்துவிட்டதே என்று யாராவது சொல்வார்கள் என்பதால் இதையும் எழுதிவிடுகிறேன். 2025 பிப்ரவரியில் ஆயிரம் கடைகளோடு தொடங்கியது நல்ல விஷயம்தான், வெளியே வாங்குபவருக்கு விலை குறையும். ஆனால் அது காசு கொடுத்து வாங்கும் கடை. பி.எச்.சி. ஜன்னலில் இல்லாததற்கு அது பதில் ஆகாது, ஆகவும் விடக்கூடாது.

கேட்பது இதுதான். அடுத்த மானியக் கோரிக்கையில் மருந்துக் கொள்முதல் ஒரு வரியாகவும், மருந்து வழங்கல் தனி வரியாகவும் வரட்டும். கிடங்கு, வண்டி, ஆய்வகம், ஆள், மின்சாரம், காலாவதி அழிப்பு எல்லாம் அந்த இரண்டாவது வரிக்குள் வரட்டும். இன்றைக்கு ஜீப் டீசலுக்குள்ளும் மருந்தாளுநர் ஜன்னலை மூடிவிட்டுப் போகும் நாளுக்குள்ளும் ஒளிந்திருப்பதை வெளியே எடுங்கள். தொகை பெரிதாகத் தெரிந்தால் எதிர்க்கட்சி கேள்வி கேட்கும், கேட்கட்டும், பதில் சொல்லக்கூடிய கேள்விதான். அதோடு மாவட்ட வாரியாக, எந்த ஆஸ்பத்திரியில் எந்த அத்தியாவசிய மருந்து எத்தனை நாள் இல்லாமல் இருந்தது என்பதை மாதாமாதம் வெளியிடுங்கள். கிடங்கு இருப்பைச் சொல்லவில்லை, நோயாளி நிற்கும் ஜன்னலில் இருந்த இருப்பைச் சொல்கிறேன். மருந்தாளுநர் தினமும் பதிவு செய்யும் விவரம்தான் அது, புதிதாக மென்பொருள் வாங்கத் தேவையில்லை.

அந்தப் பட்டியலில் முதல் மாதம் எந்த மாவட்டம் மோசமாக வருகிறதோ, அந்த அலுவலருக்கு மெமோ அனுப்பாமல் ஒரு வண்டி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அரசு மருந்தாளுநர் ஒருவர்
ஈரோடு மாவட்டம்